பெயரை நீக்குவதற்கு முன் வீட்டுக்குப் போனீர்களா?

நம் வட்டாரப் போதகர் ஐக்கியத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு சகோதரர்கள் அனைவருக்கும்,

போன மாதம் ஒரு திங்கட்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு, ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பக்கப் பிடிஎஃப் ஒன்றைப் போட்டீர்கள். முதல் பக்கத்தில் தீர்மானங்கள். ஐக்கியத்தின் பெயர் இனி 'ஊழியர் நெட்வொர்க்'. ஆண்டுச் சந்தா 300 ரூபாயிலிருந்து 3,000 ரூபாய். டிரஸ்ட் பதிவும் குறைந்தது 50 விசுவாசிகளும் இருந்தால்தான் உறுப்பினர். தொடர்ந்து மூன்று கூடுகைக்கு வராதவர் 'செயல்படாத உறுப்பினர்'. இரண்டாம் பக்கத்தில், இந்த விதிகளின்படி நீக்கப்பட்ட 17 பேரின் பட்டியல். அதன் கீழே ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். பின்னாலேயே ஒன்பது பேர் 'ஆமென்' போட்டார்கள்.

எதற்கு ஆமென் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

அந்த 17 பேரில் என் பெயர் இல்லை. சந்தாவைக் கட்டிவிட்டேன், டிரஸ்டும் இருக்கிறது, ஐம்பதுக்கு இரண்டு மூன்று பேர் கூடவே வருகிறார்கள். அதனால் இது தன் இடம் போன ஆத்திரத்தில் எழுதும் கடிதம் இல்லை. 11 வருஷம் இந்த ஐக்கியத்தின் நோட்டை எழுதியவன் என்பதால் எழுதுகிறேன். குழுவிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் மறுநாள் விடிவதற்குள் 'அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம்' என்று மாற்றிவிட்டீர்கள். செயலாளர் பாஸ்டருக்கு இரண்டு முறை போன் போட்டேன். "கமிட்டி முடிவு பிரதர், ஜெபத்தில் வச்சுக்கோங்க" என்றார். ஜெபத்தில் வைத்துத்தான் மூன்று வாரம் பொறுத்தேன். பதில் வரவில்லை. அதனால் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை. காக்கி அட்டை போட்ட நீள நோட்டு, முதுகில் பச்சைத் துணி ஒட்டியது. ஐக்கியத்தைத் தொடங்கிய நான்கைந்து பேரில் மூத்தவரான தேரிக்காட்டுப் பெரியவர்தான் அதை என் கையில் கொடுத்தார். பெயரும் போன் நம்பரும் எழுதினால் போதாது என்றார். மனைவி பெயர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீட்டுக்கு எப்படிப் போவது, இப்போது என்ன கஷ்டம் - இத்தனையும் எழுத வேண்டும். எனக்கு அப்போது அது வீண் வேலையாகத் தெரிந்தது. இப்போது புரட்டினால், என் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது: "கருப்பட்டி காய்ச்சும் விளைக்கு அடுத்த வீடு. மழை பெய்தால் மினி பஸ் வராது, முக்கில் இறங்கி நடக்கணும். மூத்த பிள்ளைக்கு வலிப்பு, மாத்திரை பாளையங்கோட்டையில்தான் கிடைக்கும். அந்தப் பக்கம் போகிறவர்கள் வாங்கி வரலாம்." அப்படி வாங்கிக்கொண்டு போனவர்களின் பெயர்களும் ஓரத்தில் பென்சிலால் இருக்கின்றன.

நீங்கள் இப்போது நிரப்பச் சொல்லியிருக்கும் கூகுள் படிவத்தில் பெயர், செல் நம்பர், டிரஸ்ட் பதிவு எண், விசுவாசிகள் எண்ணிக்கை, கட்டிடம் சொந்தமா வாடகையா, ஆண்டு பட்ஜெட் என்று ஆறு கட்டங்கள். ஏழாவது கட்டம் 'சொந்த ஊர்'. நம் பக்கத்தில் சொந்த ஊரை எதற்குக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீக்கப்பட்ட 17 பேரில் 12 பேர் காலனித் தெருக்களில் ஊழியம் செய்கிறவர்கள். தற்செயலாக இருக்கலாம். தற்செயல்தான் என்று நீங்கள் எழுத்தில் சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது அந்தப் பெரியவரைப் பற்றி. உங்கள் பட்டியலில் ஆறாவது பெயர் அவருடையது.

நான் இந்த ஊருக்கு வந்து நான்காவது வருஷம், ஐப்பசி மழை. என் சபையில் ஒரு வயதான அம்மா விடியற்காலையில் இறந்துபோனார். சபை என்றால் வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகை. அப்போது மொத்தம் 22 பேர். ஊர்ச் சுடுகாட்டுக்குக் கேட்டால், "மதம் மாறினவங்களுக்கு இங்க இடம் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்துப் பெரிய ஊரில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அது அந்தச் சேகரத்து, அதாவது அந்த வட்டாரத்து சிஎஸ்ஐ சபைகளின், அங்கத்தினர்களுக்குரியது. தனிச்சபை நடத்துகிற ஒவ்வொருவருக்கும் இந்தப் பயம் தெரியும். ஆராதனைக்கு இடம் கிடைத்துவிடும். ஞானஸ்நானத்துக்கு ஒரு கிணறோ குளமோ கிடைத்துவிடும். ஆறடி மண்ணுக்குத்தான் யாரிடமும் போய் நிற்க முடியாது.

அந்த அம்மாவின் மகன் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். என்னிடம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய விசிட்டிங் கார்டுகள் 40க்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் போன் போட்டேன். ஒருவர் கோயம்புத்தூரில் கூட்டத்தில் இருந்தார். ஒருவர் போனிலேயே நீளமாக ஜெபித்தார். மூன்று பேர் திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். ஐஸ் பெட்டி வாடகைக்குக் கொடுத்தவர் சாயங்காலத்துக்குள் வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

பதினொரு மணிக்கு அந்தப் பெரியவர் சைக்கிளில் வந்தார். தலையில் உரச்சாக்கைக் கொங்காணி மாதிரி மடித்துப் போட்டிருந்தார். அவருக்கு நான் போன் போடவில்லை. அவரிடம் கார்டு கிடையாது, என் கட்டில் அவர் பெயரே இல்லை. பால்காரர் சொல்லிக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார். வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த அம்மாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். மகனிடம் அவர் பெயர் என்ன, எத்தனை பிள்ளைகள், எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார் என்று விசாரித்தார். அப்புறம், "வாரும், ஐயரைப் பாத்துட்டு வருவோம்" என்று என்னை அழைத்துக்கொண்டு சேகரத்து ஐயர், அதாவது சிஎஸ்ஐ குருவானவர், வீட்டுக்குப் போனார்.

எனக்குக் கால் கூசியது. அந்த வீட்டு வாசலை நான் அதற்கு முன் மிதித்ததில்லை. அதுமட்டுமல்ல, அந்த ஐயரின் சபையைப் பற்றி என் பிரசங்கத்தில் இரண்டு மூன்று முறை நக்கலாகப் பேசியவன் நான். ஐயர் வெளியே வந்தார். பெரியவரைப் பார்த்ததும் "வாங்கய்யா, நனைஞ்சிட்டீங்களே" என்று உள்ளே போய் அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தோட்டத்தின் கீழ்க்கோடியில் இடம் காட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். சாயங்காலம் அவரே குடையோடு வந்து குழியண்டை நின்றார்.

பிறகு ஒருநாள் பெரியவரிடம், அந்த ஐயரை எப்படிப் பழக்கம் என்று கேட்டேன். பழக்கம் என்ன பழக்கம் என்றார். அந்தச் சேகரத்துப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு வருஷா வருஷம் போவாராம். அசனத்தில் பந்தி பரிமாற ஆள் குறைந்தால் சோற்று வாளியைத் தூக்கிக்கொள்வாராம். ஐயர்கள் மாற்றலாகி வரும்போதெல்லாம் முதல் வாரத்தில் போய்ப் பார்த்து, "இன்ன இடத்தில் ஒரு சின்னக் கூட்டம் நடத்துகிறேன், உங்கள் மக்கள் யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்" என்று சொல்லிவிட்டு வருவாராம். சொன்னபடியே அனுப்பியும் இருக்கிறார். 30 வருஷம் ஒருவரிடமும் ஒன்றும் கேட்காமல் செய்த காரியம் அது. நான் அழுதுகொண்டு நின்ற ஒரு காலையில் அது எனக்குப் பயன்பட்டது. அதற்கு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

இந்த மனிதரைத்தான் செயல்படாதவர் என்கிறீர்கள். மூன்று கூடுகைக்கு வரவில்லை, உண்மைதான். முதல் மாதம் கண்புரை அறுவைச் சிகிச்சை. இரண்டாம் மாதம் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, வெயிலில் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்றாம் மாதம் அவர் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. இந்த மூன்று மாதத்தில் நம்மில் எத்தனை பேர் அந்த வீட்டுக்குப் போனோம்? நான் ஒரு முறை போனேன். நான் போனபோது திண்ணையில் இரண்டு ஊழியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இரண்டு பேரும் உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பேரோடு அப்படியே நின்றது. பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். நமக்கு டவர் இல்லை, கரண்ட் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் அப்போது 61 பேர் இருந்தோம், அதில் ஒரு செய்திகூட நகரவில்லை. அந்த இரண்டு நாளும் நோட்டைப் பாலிதீன் கவரில் சுற்றி வைத்துக்கொண்டு, யார் வீடு பள்ளம், யார் வீட்டில் மச்சு உண்டு, யாருக்கு இன்சுலின் வேண்டும் என்று பார்த்துத்தான் ஆள் அனுப்பினோம். போனது யார்? உங்கள் பட்டியலில் மூன்றாவதும் பதினொன்றாவதும் பன்னிரண்டாவதுமாக இருக்கிறவர்கள். பன்னிரண்டாவது ஆள் வாழைத்தண்டைக் கட்டி மிதவை செய்துகொண்டு போனார். அவருக்கு 18 விசுவாசிகள்தான். உங்கள் கணக்குப்படி ஐம்பதுக்கு 32 குறைவு. வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள் நிவாரணப் பொருளோடு கார்கள் வந்தன, பேனர் பிடித்துப் படம் எடுத்தோம். அந்தப் படத்தில் இவர்கள் இல்லை. நான் இருக்கிறேன்.

ஏழாவது பெயரைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. அந்தப் பெயருக்கு எதிரே 'காலமானார்' என்று போட்டு நீக்கியிருக்கிறீர்கள். அந்தச் சகோதரர் காலமானது சரி. அவர் நடத்திய சபை காலமாகவில்லை. அவர் மனைவி நான்கு வருஷமாக ஒரு ஞாயிறுகூட விடாமல் அதை நடத்துகிறார். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், சனிக்கிழமை வீடு சந்திப்பு, நடுவில் தையல் வேலை. நம் கூடுகைகளுக்கும் வருகிறார். வந்து என்ன செய்கிறார் என்றால், சமையல்கட்டில் வெங்காயம் உரிக்கிறார். 'பாஸ்டரம்மா' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுகிறோம். வருகைப் பதிவில் மட்டும் பெயர் கிடையாது. நோட்டு என் கையில் இருந்த காலத்தில் நானும் அவர் பெயரைத் தனி வரியில் எழுதவில்லை, கணவர் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள்தான் போட்டு வைத்திருந்தேன். பவுல் அப்போஸ்தலன் அப்படிச் செய்யவில்லை. ரோமர் பதினாறாம் அதிகாரத்தை நாம் பிரசங்கத்துக்கு எடுப்பதே இல்லை, வெறும் பெயர்கள்தானே என்று தாண்டிவிடுகிறோம். தொடக்கத்திலேயே கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாள். அதற்கடுத்து பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், மனைவி பெயர் முதலில். பிரயாசப்பட்ட மரியாள், திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள். ரூபுவின் தாயைப் பற்றி, அவள் எனக்கும் தாய் என்கிறார். அதுவரை தான் போயிராத ஒரு ஊருக்கு எழுதும் கடிதத்தில், 20க்கு மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி, இன்னார் எனக்கு இன்னது செய்தார் என்று நினைவு வைத்து விசாரிக்கிறார். கடிதத்தை எழுதிக் கொடுத்த தெர்தியுவும் நடுவில் தன் பெயரைச் சொல்லி ஒரு வாழ்த்தைச் சேர்த்துக்கொள்கிறான். நோட்டு எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்த வசனத்தின்மேல் தனிப் பிரியம்.

நெட்வொர்க் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதக் கூடுகைக்கு வெளியூரிலிருந்து ஒரு செய்தியாளரை, அதாவது தேவசெய்தி கொடுக்கும் பிரசங்கியாரை, அழைத்தீர்கள். நன்றாகப் பேசினார், பொய் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் ஒரு தாள் கொடுத்து மூன்று கட்டம் போடச் சொன்னார். உங்களுக்கு மேலே இருப்பவர்கள், சமமானவர்கள், கீழே இருப்பவர்கள். மேல் கட்டத்தில் இருப்பவர்களோடு வாரம் ஒரு முறையாவது தொடர்பில் இருங்கள் என்றார். கீழ்க் கட்டத்தைப் பற்றி, நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சிரித்தார். நாமும் சிரித்தோம். நான் மேல் கட்டத்தில் எட்டுப் பெயர் எழுதினேன். கீழ்க் கட்டத்தில் பெரியவரின் பெயரை எழுதப் போனபோது பேனா நின்றுவிட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால், அவர் பின்வரிசையில், ஜெனரேட்டர் இரையும் பக்கம், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போது செய்தியாளரின் கார் டிரைவர் உள்ளே வந்து இடம் தேடினார். நாம் யாரும் அசையவில்லை. பெரியவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். அதுதான் அவர் வந்த கடைசிக் கூடுகை.

அன்று 11 பொன்னாடை போர்த்தினோம். யாருக்கெல்லாம் என்று சொல்ல வேண்டியதில்லை. மதியம் மேடையில் இருந்தவர்களுக்கு ஏசி அறையில் பிரியாணி, மற்றவர்களுக்குச் சாம்பார் சாதப் பொட்டலம். நம் பக்கத்தில் அசனம் என்று ஒன்றைக் காலங்காலமாக நடத்துகிறோம். ஊர்ப் பெரிய மனிதரும் கூலிக்காரரும் ஒரே பாயில் சப்பணமிட்டு, ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடுகிற பந்தி அது. அதைச் செய்த மக்களின் பிள்ளைகள் நாம். "மினுக்குள்ள வஸ்திரந்தரித்தவனை" நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, ஏழையைப் பார்த்து "நீ அங்கே நில்லு" என்கிறதைப் பற்றி யாக்கோபு எழுதியதை அந்த மேடையில் இருந்த எல்லாருமே பிரசங்கித்திருக்கிறீர்கள். நானும்தான்.

மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு கிராமத்து ஐயர் வீட்டில் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. நம்மில் பலர் பஸ்ஸில் அந்த வழியாகத்தான் போகிறோம். 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், 1912இல் தோர்ணக்கல்லில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு நடந்தபோது அவருக்கு 35 வயது. கூடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள், அவரைப் படிக்க வைத்தவர்கள், அவர் ஊழியத்துக்குப் பணம் கொடுத்தவர்கள். அவர்கள் முன்னால் எழுந்து நின்று, மிஷனரிக்கும் இந்திய ஊழியனுக்கும் நடுவில் இருப்பது எஜமான் வேலைக்காரன் உறவுதான் என்று சொன்னார். உங்கள் பொருளை ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அங்கே பலருக்கு அது பிடிக்கவில்லை. இன்றைக்கும் அந்த மாநாடு என்றால் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பேச்சுதான்.

அந்தப் பேச்சை எடுத்து எத்தனை முறை வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்லியிருப்போம். இப்போது மேடையில் வெள்ளைக்காரன் யாரும் இல்லை, நாம்தான் இருக்கிறோம். பின்வரிசையில் நிற்கிறவர் அதே கேள்வியைக் கேட்டால் என்ன சொல்வோம்?

இன்னும் பழைய கதை ஒன்று. பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் வருஷத்துப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருந்தன, அந்தச் சபைக்கு அடித்தளமிட்ட கிளாரிந்தா அம்மாவின் பெயரோடு சேர்த்து. நாற்பது பேர்தான். உங்கள் விதியின்படி பார்த்தால் அதிலிருந்து வளர்ந்த திருநெல்வேலிச் சபைக்கே உறுப்பினர் அட்டை கிடைத்திருக்காது.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. போதகர் என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகக் கடன் வாங்கிவிட்டு ஓடியவர்கள் உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன் நம் ஐக்கியத்தின் கடிதத்தாளைக் காட்டி ஒருவர் பணம் வசூலித்தபோது போலீஸ் ஸ்டேஷனில் தலைவர் பாஸ்டர்தான் போய் நின்றார், நானும் கூடப் போனேன். யார் நம்மவர், யார் இல்லை என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு பட்டியல் வேண்டும். வரவு செலவு எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கெல்லாம் நான் எதிரி இல்லை. ஆனால் அந்த வசூல்காரரிடம் டிரஸ்ட் பதிவு இருந்தது, விசிட்டிங் கார்டு இருந்தது, கலரில் லெட்டர்பேடு இருந்தது. அவர் வீடு எங்கே என்றுதான் நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. நோட்டில் அவர் பெயருக்கு எதிரே 'வீட்டுக்கு வழி' என்ற இடம் காலியாகவே கிடக்கிறது. அதைக் கவனித்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் யோக்கியமாக இராது. மூன்று வருஷத்துக்கு முந்தின கன்வென்ஷனுக்குப் பிளெக்ஸ் அடிக்கும் பொறுப்பு என்னுடையது. டிசைன் செய்த பையன் படங்கள் அதிகமாக இருக்கின்றன, ஒன்றை எடுத்தால்தான் எழுத்து தெரியும் என்றான். யோசிக்காமல் பெரியவரின் படத்தை எடுக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் நினைக்க மாட்டார் என்பது என் சமாதானம். கூட்டத்தன்று அந்தப் பிளெக்ஸைக் கம்பத்தில் கட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர். மேலே ஏறியிருந்த பையனிடம், "இடது பக்கம் கொஞ்சம் தூக்கிக் கட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவரும் ஒன்றும் நினைக்காமலா இருப்பார்கள்?

ஆகவே கேட்கிறேன்.

17 பேரை நீக்கிய தீர்மானத்தை அடுத்த வியாழக்கிழமைக் கூடுகையில் ரத்து செய்யுங்கள். இரவில் வாட்ஸ்அப்பில் அறிவித்ததைப் பகலில், எல்லாரும் இருக்கும்போது, வாயால் சொல்லி ரத்து செய்ய வேண்டும். அதற்கு முன், செயற்குழுவில் இருக்கும் ஏழு பேரும் இரண்டிரண்டு மூன்று மூன்று வீடாகப் பிரித்துக்கொண்டு அந்தப் 17 பேரின் வீடுகளுக்கும் நேரில் போய் வாருங்கள். வழி தெரியாவிட்டால் நான் கூட வருகிறேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழாவது வரியில் அந்தச் சகோதரியின் பெயரை உறுப்பினராக, அவர் சொந்தப் பெயரில், எழுதுங்கள். கணவர் இறந்த பின் சபை நடத்துகிற இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களையும். அன்றைக்கு வெங்காயத்தை நாம் உரிப்போம்.

விசுவாசிகள் எண்ணிக்கையை உறுப்பினர் தகுதியாக வைக்காதீர்கள். சந்தா பழைய 300 ரூபாயாகவே இருக்கட்டும். கூடுதல் பணம் தேவையென்றால் முடிந்தவர்கள் கொடுக்கட்டும், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று மேடையில் வாசிக்க வேண்டாம். அதற்காக மேடையில் நாற்காலியும் போட வேண்டாம்.

சாப்பாடு எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். சாம்பார் சாதம் என்றால் சிறப்புச் செய்தியாளருக்கும் சாம்பார் சாதம்.

படிவத்தில் 'சொந்த ஊர்' கட்டத்தை எடுத்துவிட்டு, 'வீட்டுக்கு வழி' என்று போடுங்கள். நம் பக்கத்துச் சேகரங்களின் ஐயர்களை வருஷத்துக்கு ஒரு முறையாவது செயற்குழுவே நேரில் போய்ப் பார்த்து, கல்லறைத் தோட்ட விஷயத்தை எழுத்தில் பேசி முடியுங்கள். இனி ஒருவரும் பிரேதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கார்டு கட்டைப் புரட்டக்கூடாது.

அப்புறம், பெரியவருக்கு நாம் சேர்ந்து மன்னிப்புச் சொல்ல வேண்டும். பொன்னாடை வேண்டாம், அவர் அதை மறுநாளே யாருக்காவது போர்த்திவிடுவார். அவருக்குக் கண்ணுக்குச் சொட்டு மருந்து நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் விட வேண்டும், அவர் மனைவியால் எழுந்து வர முடியவில்லை, பேரன் பள்ளிக்கூடம் போய்விடுகிறான். பகல் 12 மணி மருந்துக்கு ஆள் இல்லை. திங்களும் புதனும் நான் போகிறேன். மற்ற நாட்களுக்கு உங்களில் யார் யார் என்று வியாழக்கிழமை பெயர் கொடுங்கள். நோட்டைக் கொண்டு வருகிறேன், எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஐக்கியத்தின் வருகைப் பதிவை எழுதிவந்த உங்கள் சகோதரன்